இரண்டு பேருக்கு ஒரு படகு

மழையில் நனைந்தால் காதல் வரும் என்று நம்புகிறவர்கள் ஒரு ஜூலை மாதம் வடதுருவத்தை ஒட்டிய இந்த மலைப் பக்கம் வந்து நனைந்து பார்க்கட்டும். முதலில் தும்மல் வரும். அடுத்தது கொசு வரும். காதல் என்று ஒன்று வந்தால், கொசு விட்டுவைத்த மிச்சத்துக்குத்தான் வரும்.

மாலின் ஏரியின் வடகரையில் நின்றுகொண்டு கழுத்தில் ஒரு கொசுவை அடித்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம், தென்கரையில், வார இறுதிக்கு வந்த குடும்பங்கள் மழையை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் ரப்பர் படகு விட்டுக்கொண்டிருந்தன. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்ட குழந்தைகளின் கூச்சல் இவ்வளவு தூரம் கேட்டது. அவர்களுக்கு நடுவே அவளுடைய அப்பா ருனே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் பைனாகுலர். யார் எந்தப் படகை எடுக்கிறார்கள், எந்தக் கரையில் விடுகிறார்கள் என்று கண்காணிப்பதுதான் இப்போதெல்லாம் அவருடைய கோடை விடுமுறை. குழந்தைகள் அவருக்குப் 'படகுப் போலீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம்தான்... அவருடைய மகன் யோனாஸ் இரண்டு கோடைக்கு முன்னால் இதே வடகரையில் வந்து நின்று, படகு இல்லாமல் செத்துப்போகாமல் இருந்திருந்தால்.

இந்த ஏரியில் பொதுப் படகுகள் மூன்று. மலைப்பாதையில் நடந்து வருகிறவர்கள் தாங்களே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய்க்கொள்ள வேண்டும். படகோட்டி கிடையாது, பூட்டு கிடையாது, ஒரே ஒரு விதிதான் உண்டு. எந்தக் கரையிலும் எப்போதும் ஒரு படகாவது இருக்க வேண்டும். இருப்பதே ஒன்றுதான், அதையும் நீங்கள் எடுத்தாக வேண்டும் என்றால், அக்கரைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு படகைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, அதை இங்கே விட்டுவிட்டு, மறுபடியும் போக வேண்டும். மூன்று நடை. தோள் கழன்றுவிடும். முணுமுணுத்துக்கொண்டாவது எல்லாரும் அதைச் செய்தார்கள். அந்த ஒரு சாயங்காலத்தைத் தவிர.

அன்று மலைமேல் தங்கப் போன யோனாஸ், புயல் கிளம்பியதைப் பார்த்துப் பாதியில் இறங்கி வந்தான். கரையில் படகு இல்லை. ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். மேற்கு முனையில் பனி உருகி ஓடும் ஆறு குறுக்கே வந்தது. மூன்றாம் நாள்தான் அவன் உடல் கிடைத்தது. மூன்று படகுகளும் தென்கரையில் இருந்தன. சிவப்பு முதுகுப்பை மாட்டிய ஒருத்தன் அந்தச் சாயங்காலம் வடக்கேயிருந்து ஏரியைக் கடந்து வந்தான் என்று பேருந்து நிறுத்தத்துக் கடைக்காரர் சொன்னார். அன்றிலிருந்து ருனேயின் உலகத்தில் ஒரே ஒரு கொலைகாரன்தான் உண்டு. "அவனை ஒரு தடவை பார்க்கணும்..." என்பார், காப்பி குடிக்கும்போது. "ஒரே ஒரு தடவை."

அந்த நேரத்தில் மாலின் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

இன்று அப்பாவின் பைனாகுலருக்குத் தப்பி ஒரு மணி நேரம் தனியாக இருக்கலாம் என்றுதான் படகை எடுத்துக்கொண்டு வந்தாள். பிர்ச் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்தாள், கொஞ்சம் அழுதாள், திரும்பிக் கரைக்கு வந்தாள்.

கரையில் யாரோ ஒருத்தன் குனிந்து நின்றுகொண்டிருந்தான். ஏற்கெனவே அங்கிருந்த இன்னொரு படகைப் புல்மேடு வரைக்கும் இழுத்து ஏற்றி, அதை ஒரு பிர்ச் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொரு முடிச்சு. போதாதென்று மூன்றாவதாக ஒன்று.

"ஹலோ... படகைக் கட்டறீங்களா, கலைமானைக் கட்டறீங்களா?"

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி அவன் புருவத்தில் நின்று, யோசித்து, கன்னத்தில் இறங்கியது. சாம்பல் நிறக் கண்கள்... இந்த ஏரியின் நிறம். அவ்வளவு அழகாக ஒருத்தன் அவ்வளவு களைப்பாக இருப்பதை மாலின் அதுவரை பார்த்ததில்லை.

"கலைமான் ஓடிப்போனா திரும்பி வரும்ங்க. படகு வராது."

"நல்ல பதில்தான். நகருங்க, என் படகை எடுக்கணும்."

"எடுங்க. நானும் வரேன்."

"எதுக்கு? அதான் அங்க ஒண்ணு இருக்கே, பெத்த பிள்ளை மாதிரி கட்டிப்போட்டு வெச்சிருக்கீங்க. அதுல வாங்க."

"அதுல நான் வந்துட்டா இந்தக் கரையில என்ன இருக்கும்?" அவன் கரையில் விதி எழுதி நட்டிருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டினான். "ரெண்டு பேரும் ஒரே படகுல போனாத்தான் இங்க ஒண்ணு மிச்சம் இருக்கும்."

மாலின் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஓஹோ... இந்த வசனத்தை இதுவரைக்கும் எத்தனை பொண்ணுங்ககிட்ட சொல்லியிருக்கீங்க?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "இந்தப் பயணத்துல மூணு ஏரி தாண்டினேன். ஒரு கிழவர், ரெண்டு ஜெர்மன்காரங்க... அப்புறம் ஒரு நாய். நாய் மட்டும் கேள்வியே கேக்காம ஏறிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கரையில், யோனாஸ் போன இந்தத் தேதியில், தனக்குச் சிரிக்க வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"ஏறுங்க. துடுப்பு நீங்கதான் போடணும்."

துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். பின்பக்கம் உட்காருகிறவள் அவனுக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். வேறு வழியே கிடையாது. இந்தப் படகைச் செய்த ஆசாரி ஏதோ திட்டத்தோடுதான் செய்திருக்கிறான். மாலின் மலையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், தன் நகத்தைப் பார்த்தாள்... எதைப் பார்த்தாலும் கடைசியில் பார்வை அந்தச் சாம்பல் கண்களில் வந்துதான் நின்றது.

"என் பேர் ஆர்விட்."

"மாலின்."

"உங்க இடது கண்ணு ரொம்ப அலுத்திருக்கு, மாலின்."

"அடேங்கப்பா! ஏறி ரெண்டு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள கண்ணா?"

"தொழில்ங்க. ஊமியோ டவுன்ல மூக்குக்கண்ணாடிக் கடை. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க கண்ணைத்தான் பார்த்துட்டிருப்பேன்."

"அப்போ அலுத்துப் போயிருக்கும்."

"போயிருந்துச்சு..." என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் துடுப்பு ஒரு தாளம் தவறி விழுந்தது. அவன் காது சிவந்ததை அவள் பார்த்தாள். தன் காதும் சுடுவதை உணர்ந்து தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். பாதி நசுங்கி இருந்தது. அவள் பிய்த்துப் பெரிய துண்டைத் தான் எடுத்துக்கொண்டாள். அவன் சின்னத் துண்டை வாங்கிக்கொண்டு, "நியாயம்தான், படகு உங்களுது" என்றான். 'ஐயோ, இவன் என்ன இப்படி இருக்கிறான்...' என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. 'இரண்டு வருஷமாக எங்கே இருந்தாய்?' என்று இன்னொரு பக்கம் கேட்டது. மழை கொஞ்சம் வலுத்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

ஏரியின் பாதிக்கு வந்திருப்பார்கள்.

"அது சரி... அந்த மூணு முடிச்சு எதுக்கு? சொல்லுங்க. ஊர்ல எல்லாரும் ஒண்ணுதான் போடுவாங்க."

அவன் துடுப்பை நிறுத்தினான். படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"நான் ஒரு குடும்பத்தைத் தேடி வந்திருக்கேன்" என்றான். குரலில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. "பெர்க்வால்னு பேரு. தென்கரையில மரவீடு இருக்காம். சிவப்பு வீடுன்னு சொன்னாங்க. இங்க எல்லா வீடும் சிவப்புதான். போன வருஷமும் வந்தேன்... பேருந்து நிறுத்தத்துலேருந்தே திரும்பிப் போயிட்டேன். தைரியம் வரலை. அவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

மாலின் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். "தெரியாது."

"அவங்க பையன் ஒருத்தன் இந்த ஏரியில... ஆத்துல போயிட்டான். என்னாலதான்."

அவள் கேட்காமலே அவன் சொன்னான். அன்றைக்கு அவன் மலையிலிருந்து இறங்கி வந்தபோது வடகரையில் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டான். எடுக்கும்போது மற்றது நகர்ந்துவிட்டது, அதை மறுபடி கட்டினான். "கட்டினேன்னுதான் ஞாபகம். ஆனா ஞாபகத்தை எப்படிங்க நம்பறது? மறுநாள் மூணு படகும் தென்கரையில இருந்துச்சாம். வடக்கத்திக் காத்து. நான் கட்டின லட்சணத்துல அது அவிழ்ந்து தானா மிதந்து போயிருக்கு. எனக்கு அவசரம்... பேருந்துக்கு நேரமாச்சுன்னு அவசரம். ஒரு சிவப்புப் பைக்காரன் கடைசிப் படகை எடுத்துட்டான்னு ஊரே பேசினது ரொம்ப நாள் கழிச்சுத்தான் என் காதுக்கு வந்துச்சு. அந்தப் பையைத் தூக்கிப் போட்டுட்டேன். தூக்கம்தான் திரும்பி வரலை. ராத்திரி பூரா அந்த முடிச்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கறேன்... கைதான் போடுது. இறுக்கினேனா இல்லையான்னு தெரியலை."

மழையில் அவன் முகத்தில் எது மழை, எது மழை இல்லை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்க்கிற பார்வை.

மாலினுக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. இந்த உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

படகு மிதந்து போகவில்லை. அவள்தான் எடுத்தாள்.

அன்றைக்கு அண்ணனும் தங்கையுமாகத்தான் வடகரைக்குப் போனார்கள். யோனாஸ் அங்கே வைத்துத்தான் சொன்னான், நார்வேயில் வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் கோடைக்கெல்லாம் வர முடியாது என்று. "நீயே அம்மாகிட்ட பக்குவமா சொல்லிடேன், மாலின்." அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "உன் கோழைத்தனத்துக்கு நான் என்ன தபால்காரியா?" என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே மலையேறிப் போய்விட்டான். அவள் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுவிட்டுக் கரைக்கு வந்தபோது இரண்டில் ஒரு படகுதான் இருந்தது. ஏரி நடுவே சிவப்பாக ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது. அவள் இருந்த ஒன்றை எடுத்தாள். தென்கரையில் இறங்கியதும் இன்னொன்றைக் கட்டி இழுத்துப் போய் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். மழை. கை வலி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோபம். 'அவன் நாளைக்குத்தானே இறங்கப் போகிறான், காலையில் கொண்டுபோய் விட்டால் போயிற்று' என்று நினைத்தாள். வீட்டுக்குள் நுழையும்போது அப்பா கேட்டார், "அக்கரையில படகு இருக்கில்ல?"

"இருக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவளால் எதையும் திருப்பி எடுக்க முடியவில்லை. அப்பா ஒருவனை வெறுத்துக்கொண்டே உயிரோடு இருந்தார். அந்த வெறுப்பையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் என்ன இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டாள். தனக்காக என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

'சொல்லு... இப்போதே சொல்லு...' என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள்.

"நனையறோம்... போலாம்" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தான். அதற்கப்புறம் அவள் அவன் கண்களைப் பார்க்கவே இல்லை.

கரையில் அப்பா எழுந்து நின்று காத்திருந்தார். மாலின் படகைவிட்டு இறங்கத் தயங்கினாள். ஆனால் அவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஒன்று இருந்தது, சந்தோஷத்துக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஏதோ ஒன்று.

"ரெண்டு பேரு, ஒரு படகு! அங்க ஒண்ணைக் கட்டி வெச்சிட்டு வரீங்க. பைனாகுலர்ல பார்த்தேன், இந்தக் காத்துக்கு அசையவே இல்லை. யாரு கட்டினது, நீயா தம்பி?"

"ஆமாங்க."

"இந்தக் காலத்துல இப்படி ஒருத்தனா! வா, வா. நனைஞ்சு போயிருக்கே. எங்க வீட்ல மீன் வறுக்கிறாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"இல்லைங்க, நான் ஒரு வீட்டைத் தேடி..."

"எந்த வீடா இருந்தாலும் சாப்பிட்டுட்டுத் தேடலாம். நானே கூட வந்து காட்டறேன்." அப்பா அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார். தோளில் கை போட்டு! மாலின் பின்னாலேயே போனாள். இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டு போன அந்தக் கொஞ்ச தூரம்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமான தூரம்.

அம்மா குனில்லா அதிகம் பேச மாட்டாள். யோனாஸ் போனதிலிருந்து இன்னும் குறைத்துக்கொண்டாள். வந்தவனுக்கு உலர்ந்த துண்டு கொடுத்தாள், புது உருளைக்கிழங்கும் வெண்ணெயில் வறுத்த மீனும் வைத்தாள். அப்பா வழக்கத்துக்கு மாறாகப் பேசிக்கொண்டே இருந்தார். "பாரு குனில்லா, நம்ம பொண்ணுக்கும் ஒருத்தன் படகுல கிடைச்சிருக்கான்" என்று ஒரு கேலிகூடச் செய்தார். அம்மா லேசாகச் சிரித்தாள். ஆர்விட்டும் சிரித்தபடி நிமிர்ந்தான். அப்போதுதான் எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

செய்தித்தாளில் அவன் பார்த்திருந்த யோனாஸின் அதே படம். காற்றில் கலைந்த தலை, கையில் ஒரு மீன், ஊரையே கேலி செய்கிற சிரிப்பு.

ஆர்விட்டின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. அவன் மாலினைத் திரும்பிப் பார்த்தான். 'தெரியாது என்று சொன்னாயே' என்று அந்தக் கண்கள் கேட்டன. அடுத்த நொடியே அவை கனிந்துவிட்டன. அண்ணனைக் கொன்றவன் எதிரே உட்கார்ந்திருந்தால் அவளும் என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவனே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவன் எழுந்து நின்றான்.

"ஐயா... நான் தேடி வந்தது உங்க வீட்டைத்தான். அந்தச் சிவப்புப் பைக்காரன் நான்தான்."

அவன் படகில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னான். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. "மன்னிப்புக் கேக்கற அளவுக்கு எனக்குத் தகுதி இல்லைங்க. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு மட்டும்தான் வந்தேன்" என்றான்.

அப்பா எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அடிக்கப் போகிறார் என்று அம்மா "ருனே!" என்று கூவினாள். அவர் அடிக்கவில்லை. ஆர்விட்டின் எதிரே இருந்த தட்டை எடுத்தார். பாதி தின்ற மீனோடு அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா உன் முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சிட்டே இருந்தேன்..." என்றார். "இப்படி இருக்கும்னு நினைக்கலை. வெளியே போ."

ஆர்விட் முதுகுப்பையை எடுத்தான். கதவை நோக்கி நடந்தான். அவன் தோள்கள் ஒடுங்கியிருந்தன. இந்த வாசலைத் தாண்டினால் அவன் போய்விடுவான். ஊமியோவில், அந்தக் கடையில், வருகிறவர்களின் கண்களையெல்லாம் பார்த்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் இல்லாத ஒரு தப்பைச் சுமந்துகொண்டு கிழவனாகிவிடுவான். அவள் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. எல்லாம் முன்போலவே இருக்கும். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும்.

"அவர் நல்லாத்தான் கட்டியிருந்தார், அப்பா."

"நீ சும்மா இரு, மாலின்."

"முடிச்சு அவ்வளவு இறுக்கமா இருந்துச்சு. கயிறு வேற நனைஞ்சிருந்தது. அவிழ்க்க எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? நகம் பிஞ்சு ரத்தம் வந்துச்சு."

கதவருகே ஆர்விட் நின்றுவிட்டான்.

"நான்தான் அவிழ்த்தேன். அந்தப் படகை நான்தான் எடுத்துட்டு வந்தேன். நீங்க கேட்டப்போ இருக்குன்னு சொன்னேன்... இல்லை அப்பா. அங்க எதுவுமே இல்லை."

அம்மா உருளைக்கிழங்குச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அதை எங்கே வைப்பது என்று மறந்துபோய்விட்டவள் மாதிரி இருந்தாள். "ஏன்டி..." என்றாள்.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, வழி கேட்கிறவர் போன்ற சாதாரணக் குரலில் கேட்டார். "இன்னொரு தடவை போய், விட்டுட்டு வந்திருந்தா... எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"முக்கால் மணி நேரம்."

"முக்கால் மணி நேரம்" என்றார் அவர். அதையே மறுபடியும் சொன்னார். பிறகு எழுந்து, யோனாஸ் படுத்து வந்த சின்ன அறையின் வாசல்வரை போனார். திரும்பாமலே சொன்னார். "இன்னிக்கு என்னால உன்னைப் பார்க்க முடியாதும்மா. நாளைக்கு முடியுமான்னு தெரியலை."

கதவு சாத்திக்கொண்டது. அம்மா சட்டியைத் தரையிலேயே வைத்துவிட்டு அந்தக் கதவருகே போய் உட்கார்ந்தாள். மாலின் பக்கம் அவளும் பார்க்கவில்லை.

மாலின் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மழை விடவில்லை. இந்த ஊர்க் கோடையில் ராத்திரிகூட இருட்டுவதில்லை, முகத்தை ஒளித்துக்கொள்ள ஒரு இடம் கிடைப்பதில்லை. ஆர்விட் சற்றுத் தள்ளி வேலியருகே நின்றான். பையை மாட்டியிருந்தான். கீழே ரோட்டில் கடைசிப் பேருந்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"படகுல நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றான். "பாதி ஏரி... எதிர்லயே உக்காந்து கேட்டுட்டு வந்தீங்க. என் தப்பில்லைன்னு தெரிஞ்சும், வாயைத் திறக்கலை."

"ஆமா."

"ஏன்?"

அப்பாவுக்குப் பயந்து என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை. பாதி உண்மைகளைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

"நீங்க என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு வந்தீங்க..." என்றாள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சொன்னா அது போயிடும். அக்கரை வரைக்குமாவது இருக்கட்டுமேன்னு நினைச்சேன். அவ்வளவு கேவலமானவ நான். ஆனா நீங்க தட்டு இல்லாம கதவைப் பார்த்து நடந்தீங்களே... அதைப் பார்த்துட்டு என்னால இருக்க முடியலை. உங்க மேல எனக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆர்விட். அதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. சொல்லிட்டேன். பேருந்து போயிடும், கிளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா அழுகிற சத்தம் கேட்டது. மகன் உடம்பைப் பார்த்தபோதுகூட அவர் இப்படி அழவில்லை. மாலின் காதைப் பொத்திக்கொள்ளப் போனாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் வருது, மாலின்" என்றான் அவன். "இன்னும் ரொம்ப நாளைக்கு வரும். சும்மா சொல்லலை."

"தெரியும்."

"ஆனா ஒண்ணு... இன்னிக்கு ராத்திரி நான் தூங்கிடுவேன். ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான். படுத்ததும் தூங்கிடுவேன்." அவன் அவளை நோக்கி வந்தான். "நீங்க தூங்க மாட்டீங்க. அதை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கலை. காலையில உங்களை யாருன்னே தெரியாது. இப்போ நீங்க தூங்க மாட்டீங்களேன்னு இப்படி அடிச்சுக்குது... இதுக்கு வேற என்ன பேருங்க?"

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்களில் ஏரியில் இருந்த அந்தப் பார்வை இல்லை. அது போய்விட்டிருந்தது, அவள் பயந்தபடியே. இது வேறு. எல்லாம் தெரிந்த பிறகு பார்க்கிற பார்வை.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷமாகப் பாத்திரம் கழுவும் தண்ணீரோடு சேர்த்து விட்டதெல்லாம் சேர்ந்து வந்தது. அவன் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கையையும் பிடிக்கவில்லை. பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நனைந்த படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே ரோட்டில் பேருந்து வந்து, நின்று, ஆள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.